மரக்கால் யார் கையில்? கால்பந்துக் கூலியும் நம் கூலியும்

1

1961-ம் வருடம் உலகத்தின் இரண்டு மூலைகளில் 'உச்சவரம்பு' என்ற ஒரே சொல்லைப் பற்றி இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஜனவரி மாதம் இங்கிலாந்தில், கால்பந்தாட்டக்காரர்களின் சம்பளத்துக்கு அறுபது வருடமாக இருந்துவந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. அதே வருடம் நம்முடைய சென்னை மாநிலத்தில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது சட்டம். 1970-ல் அது 15 ஏக்கராகக் குறைந்தது. அங்கே உழைப்பவன் தலையை இடித்துக்கொண்டிருந்த கூரை பிரிக்கப்பட்டது. இங்கே உடைமைக்காரன் தலைக்கு மேல் ஒரு கூரை போடப்பட்டது. போட்ட கூரையில் எத்தனை ஓட்டை என்று தாமிரபரணிக் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பினாமி பெயரில் கொஞ்சம், அறக்கட்டளை பெயரில் கொஞ்சம். தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கோ சட்டத்திலேயே விலக்கு.

கால்பந்தாட்டக்காரன் சம்பளத்தைப் பற்றி நம்ம பத்திரிகையில் எழுத என்ன இருக்கு, கோடியில வாங்குறவனுக்கு ஒரு கோடி கூடினா என்ன, குறைஞ்சா என்ன என்று தோழர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு காரணத்துக்காக இதை எடுத்துக்கொள்கிறேன். நம்ம ஊரில் எழுதாமல் நடக்கிற ஒரு காரியம் அங்கே விதிப் புத்தகத்தில் எழுதி நடக்கிறது. எழுதி வைத்திருப்பதால் அதைப் பிரித்துப் போட்டுப் பார்க்க முடிகிறது. ஒருத்தன் உழைப்பின் விலை இதற்கு மேல் போகக் கூடாது என்று சொல்ல இன்னொருத்தனுக்கு என்ன உரிமை? அப்படிச் சொல்வது எப்போதுமே அநியாயமா, அல்லது சில சமயம் நியாயமாகவும் இருக்குமா? இருக்கும் என்றால் அந்த நியாயம் எதிலிருந்து வருகிறது? நான் பேச நினைப்பது இந்தக் கேள்வியைத்தான்.

2

இங்கிலாந்தில் 1901-ல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டார்கள். எவ்வளவு திறமை இருந்தாலும், மைதானத்தில் எத்தனை ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கிக் கூடினாலும் அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்க ஊர்களிலிருந்தும் மில் ஊர்களிலிருந்தும் வந்த தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். கிளப் முதலாளிகள் மில் அதிபர்களும் வியாபாரிகளும். அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரனான பில்லி மெரிடித், வேல்ஸில் சிறுவனாகவே சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவன்.

இதில் கவனிக்க வேண்டியது, விதியை மீறினால் தண்டனை யாருக்கு என்பதுதான். 1906-ல் மான்செஸ்டர் சிட்டி கிளப் வரம்புக்கு மேல் சம்பளம் கொடுத்தது என்று கண்டுபிடித்தார்கள். 17 ஆட்டக்காரர்களுக்குத் தடையும் அபராதமும் விதித்தார்கள். இனி அந்தக் கிளப்புக்கு ஆடவே கூடாது என்றார்கள். கிளப் நிர்வாகிகளையும் விலக்கினார்கள். குறைத்துக் கொடுத்ததற்கு இல்லை, கூட்டிக் கொடுத்ததற்கு! அடுத்த வருடம், 1907-ல், மெரிடித்தும் கூட்டாளிகளும் மான்செஸ்டரில் ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1909-ல் சங்கத்தை விட்டு விலகு, இல்லையென்றால் ஆடக் கூடாது என்று உத்தரவு வந்தது. பலர் பயந்து விலகினார்கள். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் விலகவில்லை. தடையை வாங்கிக்கொண்டு, தனியாகப் பயிற்சி எடுத்து, ஒரு பலகையில் தங்களுக்குத் தாங்களே பெயர் எழுதிவைத்துப் படம் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஊர்விலக்கானவர் அணி'. ஊர் விலக்கிவைத்த பெயரையே தலைநிமிர்ந்து எடுத்துச் சூட்டிக்கொள்வது என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகும் உச்சவரம்பு ஐம்பது வருடம் இருந்தது. 1961 வாக்கில் சீசனில் 20 பவுண்டு, கோடையில் 17 பவுண்டு. ஜிம்மி ஹில் தலைமையில் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தது. அதையொட்டி நடந்த கூட்டமொன்றைப் பற்றி இன்றுவரை சொல்லப்படுகிற ஒரு சம்பவம் உண்டு. ஒரு இளம் ஆட்டக்காரன் எழுந்து, என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்க்கிறார், நான் வாங்குவதைவிடக் குறைவாக வாங்குகிறார், நமக்கு இதுவே போதாதா என்கிற மாதிரிப் பேசினான். போல்ட்டன் அணியின் டாமி பாங்க்ஸ் எழுந்து பதில் சொன்னார். உன் அப்பாவின் வேலையை நான் செய்கிறேன், ஆனால் சனிக்கிழமை முப்பதாயிரம் பேர் பார்க்க ஸ்டான்லி மாத்யூஸைத் தடுத்து நிறுத்த அவரால் முடியுமா என்று கேட்டார். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது.

எனக்கு இதில் பாங்க்ஸின் பதிலைவிட அந்தப் பையனின் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது. அவன் கெட்டவன் இல்லை. கூச்சப்படுகிறான். நம்மைவிடக் கஷ்டப்படுகிறவன் இருக்கும்போது நாம் கூடுதலாகக் கேட்கலாமா என்கிற கூச்சம் உழைக்கிறவனுக்கு மட்டும் வருகிற கூச்சம். முதலாளிக்கு அது வருவதே இல்லை. ஆட்டக்காரன் வாங்காமல் விட்ட பணம் சுரங்கத் தொழிலாளி வீட்டுக்குப் போகவில்லை, கிளப்பின் கல்லாவில்தான் கிடந்தது. ஏழையைக் காட்டி இன்னொரு உழைப்பாளியின் வாயை அடைக்கிற வேலை இது. நகரசுத்தித் தொழிலாளி கூலி கேட்டால் கட்டடத் தொழிலாளியைக் காட்டுவது, கட்டடத் தொழிலாளி கேட்டால் களையெடுக்கிறவளைக் காட்டுவது. களையெடுக்கிறவள் கேட்டால் காட்ட ஆள் இல்லை. அப்போது போலீசைக் காட்டுவார்கள்.

வேலைநிறுத்தத்துக்குச் சில நாள் முன்னால் உச்சவரம்பு போனது. ஜானி ஹெய்ன்ஸுக்கு ஃபுல்ஹாம் கிளப் வாரம் 100 பவுண்டு கொடுத்தது. அதுவரை 20 கொடுத்த அதே கிளப், அதே கால்கள். ஆனால் இன்னொரு கட்டு மிச்சமிருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய கிளப் விட்டால்தான் வேறு கிளப்புக்குப் போகலாம். விடாமல், சம்பளமும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளலாம். நியூகாசில் கிளப்பில் ஆடிய ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 1963-ல் நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இது தொழில் செய்யும் உரிமையை நியாயமற்ற முறையில் தடுக்கிறது என்று தீர்ப்பளித்தார். பழைய முதலாளியின் கடனை அடைத்து அவன் விட்டால்தான் வேறு பண்ணைக்குப் போகலாம் என்கிற பண்ணையாள் முறையை நமக்குத் தெரியும். அதை ஒழிக்க இந்தியாவில் 1976-ல்தான் சட்டம் வந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஈஸ்ட்ஹாமை யாரும் மரத்தில் கட்டிவைத்து அடிக்கவில்லை. ஆனால் கூலிக்கு வரம்பும் காலுக்குக் கட்டும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். போகிற இடத்துக்குப் போக முடியாதவனுக்குத்தான் கூலியைக் கட்டிவைக்க முடியும்.

3

இந்த மான்செஸ்டர் கதையைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்க ஊர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கு. கார், பிசானம் என்று இரண்டு பூ விளைகிற பூமி. தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அறுப்புக்கு முன்னால் நிலம் வைத்திருக்கிறவர்கள் சாவடியில் கூடுவார்கள். இந்த அறுப்புக்குக் கொத்து இவ்வளவுதான், கோட்டைக்கு இத்தனை மரக்கால்தான் என்று அங்கே கட்டாகும். அறுக்கப்போகிறவன் யாரும் அந்தச் சாவடியில் ஏற முடியாது. முடிவை ஒரு ஆள் வந்து தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போகும்.

ஒரு பிசான அறுப்பில் மேகம் திரண்டு வந்துவிட்டது. ஒருத்தர் வயலில் கதிர் சாய்ந்து கிடக்கு. மழை விழுந்தால் முளைத்துவிடும். அவர் பதறிப்போய், வாங்கடே, ஒரு மரக்கால் கூடத் தாரேன் என்று கூப்பிட்டுவிட்டார். ஆட்கள் போய் அறுத்துக் கொடுத்தார்கள், ஒரு மரக்கால் கூட வாங்கினார்கள். மறுநாள் சாவடியில் அவருக்குத் தெண்டம். "நீ கூடக் குடுத்தேன்னா நாளைக்கு எல்லாப் பயலும் என் களத்துல வந்து கேப்பாம்லா. ஊர் ஒத்துமைன்னு ஒண்ணு வேண்டாமா?" என்று கேட்டார்களாம். தெண்டப் பணம் கோயிலுக்குப் போனது. நம்ம ஆட்களுக்கு ஒரு மரக்கால் கூடக் கிடைத்ததற்காகக் கட்டிய தெண்டம், நம்ம ஆட்கள் உள்ளே நுழைய முடியாத கோயிலுக்கு!

தாத்தா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் கூலி உச்சவரம்பு என்பதன் முழு இலக்கணமும் இதில் இருக்கிறது. வேலை கொடுப்பவனுக்கும் வேலை செய்பவனுக்கும் இடையில் நடக்கிற பேரத்தில் அது பிறப்பதில்லை. வேலை கொடுப்பவர்கள் தங்களுக்குள் செய்துகொள்கிற சத்தியம் அது. என் ஆளை நீ இழுக்காதே, உன் ஆளை நான் இழுக்கவில்லை என்கிற சத்தியம். அதற்கு எப்போதும் ஒரு அழகான பெயர் இருக்கும். எங்க ஊரில் 'ஊர் ஒத்துமை'. கால்பந்தில் 'போட்டிச் சமநிலை'.

4

இனி எதிர்த்தரப்பின் வாதத்தையும் அதன் முழு பலத்தோடு பார்க்க வேண்டும். பாதியாகச் சொல்லி மடக்குவதில் பிரயோசனமில்லை. அவர்கள் சொல்வது இது. விளையாட்டு, சோப்பு வியாபாரம் மாதிரி இல்லை. ஒரு சோப்புக் கம்பெனி மற்ற கம்பெனிகளை ஒழித்துவிட்டுத் தனியாக விற்கலாம். ஒரு கால்பந்து அணி மற்ற அணிகளை ஒழித்தால் யாரோடு ஆடும்? பணக்கார அணி எல்லா நல்ல ஆட்டக்காரனையும் வாங்கிவிட்டால் ஆட்டத்தில் சுவை இருக்காது. சின்ன ஊர் அணிகள் கடன்பட்டுச் சாகும். ஆகவே செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. வரம்பில்லாத ஐரோப்பாவில் நாலைந்து கிளப்புகளே கோப்பைகளை அள்ளுவதைப் பார்க்கிறோம்.

அப்படியானால் வரம்பு எப்படி வர வேண்டும்? இதற்கு அமெரிக்காவின் என்.எஃப்.எல். நல்ல பாடம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது பந்தைக் கையில் பிடித்து மோதி ஓடுகிற ஆட்டத்தை. 1987-ல் அங்கே ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, அதே சட்டையை மாட்டிவிட்டு ஆட்டம் நடத்தினார்கள். கருங்காலி ஆட்டம்! சில நட்சத்திரங்களும் கோட்டைத் தாண்டி உள்ளே போனார்கள். 24 நாளில் வேலைநிறுத்தம் உடைந்தது. ஆனால் சங்கம் உடையவில்லை. நீதிமன்ற வழியில் போனது. 1992-ல் ஃப்ரீமன் மக்னீல் என்ற ஆட்டக்காரர் பெயரில் நடந்த வழக்கில், ஆட்டக்காரர்களைக் கட்டிவைக்கிற விதி சட்டவிரோதம் என்று ஜூரி சொன்னது. அதன் பிறகுதான் முதலாளிகள் மேசைக்கு வந்தார்கள். 1993-ல் ஒப்பந்தம் ஆனது. ஆட்டக்காரர் சுதந்திரமாக அணி மாறலாம், அதற்கு ஈடாகச் சம்பளத்துக்கு உச்சவரம்பு. 1994-ல் ஒரு அணிக்கு 3 கோடியே 46 லட்சம் டாலர் என்று ஆரம்பித்த வரம்பு, 2025-ல் 27 கோடியே 92 லட்சம் டாலர்.

இது இங்கிலாந்தின் பழைய உச்சவரம்பு மாதிரி இல்லை. மூன்று விஷயம் வேறு. ஒன்று, வரம்பு வருமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. 2020 ஒப்பந்தப்படி 2021 முதல் மொத்த வருமானத்தில் குறைந்தது 48 சதவீதம் ஆட்டக்காரர்களுக்கு. வருமானம் கூடினால் வரம்பும் கூடும். ஆகவே கணக்குப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். இரண்டு, மேல்வரம்போடு கீழ்வரம்பும் உண்டு, அணிகள் இவ்வளவுக்குக் குறையாமல் செலவு செய்தே ஆக வேண்டும். மூன்று, ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற விதி அது. 2020-ல் ஆதரவாக 1,019 பேர், எதிராக 959 பேர். 60 ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அவ்வளவு சண்டை நடந்திருக்கிறது உள்ளே.

அதற்காக அங்கே நியாயம் ஆட்சி செய்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். 2010-ல் பழைய ஒப்பந்த ஏற்பாட்டின்படி அந்த ஒரு வருடம் உச்சவரம்பே கிடையாது. விதிப்படி யாரும் எவ்வளவும் கொடுக்கலாம். வாஷிங்டன் அணியும் டல்லாஸ் அணியும் அப்படிக் கொடுத்தன. 2012-ல் அவற்றின் மேல் தண்டனை விழுந்தது. வாஷிங்டனின் வரம்பில் 3 கோடியே 60 லட்சம் டாலரும் டல்லாஸின் வரம்பில் 1 கோடி டாலரும் வெட்டினார்கள். எழுதிய விதியில் வரம்பு இல்லை, எழுதாத சத்தியத்தில் இருந்தது. எங்க ஊர்ச் சாவடியும் நியூயார்க் அலுவலகமும் எத்தனை கிட்டத்தில் இருக்கின்றன பாருங்கள்.

அந்த மேசையின் நிறத்தையும் பார்க்க வேண்டும். ஆட்டக்காரர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஒரு கறுப்பர்கூட இதுவரை ஒரு அணியின் பெரும்பங்கு உரிமையாளராக இருந்ததில்லை. தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட பழைய ஆட்டக்காரர்களுக்கு இழப்பீடு கொடுக்க 2013-ல் சமரசம் ஏற்பட்டது. அதில் பாதிப்பை அளக்கும்போது, கறுப்பனுக்கு அடிபடும் முன்பே மூளைத்திறன் வெள்ளைக்காரனைவிடக் குறைவு என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கால் கறுப்பனுக்குப் பாதிப்பை நிரூபிப்பது கஷ்டமானது. எதிர்ப்புக் கிளம்பி, 2021-ல்தான் அதைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். பிறப்பைப் பார்த்து அளவுகோலைச் சுருக்குகிற வித்தை மனுவுக்கு மட்டும் சொந்தமில்லை. மேசையில் நாற்காலி கிடைத்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்பதில்லை. ஆனால் நாற்காலிகூட இல்லாவிட்டால் இந்த அளவுகோலை யாரும் பிடித்துக் கேட்டிருக்க முடியாது.

இங்கிலாந்திலும் 2020-ல், கொரோனா காலத்தில், மூன்றாம் நாலாம் நிலைக் கிளப்புகள் மறுபடி உச்சவரம்பு கொண்டுவந்தன. ஒன்றுக்கு 25 லட்சம் பவுண்டு, மற்றதற்கு 15 லட்சம். நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். சின்னக் கிளப்புகள் உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருந்தன. ஆனால் ஆட்டக்காரர் சங்கத்தோடு பேச வேண்டிய பொதுக் குழுவில் முறையாகப் பேசாமல் கொண்டுவந்தார்கள். சங்கம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் வரம்பு செல்லாது என்றாகி நீக்கப்பட்டது. தொகை சரியா தப்பா என்ற கேள்விக்கே போக வேண்டியிருக்கவில்லை. கேட்காமல் போட்டது தப்பு, அவ்வளவுதான்.

5

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் நெடுங்காலம் கால்பந்தாட்டக்காரனுக்குச் சம்பளம் என்றால் வேலைதான். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, போலீஸ் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. காலில் திறமை இருக்கிற ஏழைப் பிள்ளைக்கு அது பெரிய வரம். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுத் திரிந்த ஐ.எம். விஜயன் கேரளப் போலீஸ் அணிக்குள் வந்து, இந்திய அணியின் தலைவனானார். 'திமிரு' படத்தில் வில்லனாக வந்தாரே, அவர்தான். இன்றைக்கும் பாளையங்கோட்டை மைதானங்களிலும் காயல்பட்டினத்துப் போட்டிகளிலும் ஆடுகிற பையன்களின் வீட்டில் கேட்டால், கோப்பையைப் பற்றிப் பேச மாட்டார்கள், வேலை கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். அந்த வேலையே அவனுடைய கீழ்வரம்பும், அதுவே மேல்வரம்பும். ஆனாலும் கால் உடைந்த பிறகும் சம்பளம் வரும் என்கிற ஒரு உறுதி அதில் இருந்தது.

பிறகு அணிகள் முதலாளிகளிடம் போயின. 1996-97-ல் நடந்த முதல் தேசிய லீக்கை வென்ற பக்வாரா ஜே.சி.டி. மில் அணி 2011-ல் கலைக்கப்பட்டது. அதற்கு முந்தைய வருடம் மகிந்திரா யுனைடெட் கலைந்தது. மில்லை மூடுகிற மாதிரி அணியை மூடினார்கள். 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ரிலையன்ஸ் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் வந்தது. அதில் அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு போட்டார்கள். ஒரு கட்டத்தில் அது 16 கோடியே 50 லட்சம் ரூபாயாக இருந்தது. இந்தத் தொகை அதிகமா குறைவா என்று நான் பேசவில்லை. யார் போட்டது? லீக் நடத்துகிறவர்கள் போட்டார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இல்லாமல் இல்லை. 2006-லேயே பாய்ச்சுங் பூட்டியா தலைமையில் இந்தியக் கால்பந்தாட்டக்காரர் சங்கம் தொடங்கப்பட்டது. ஆனால் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று அமெரிக்காவில் எழுதி வாங்கிய மாதிரி ஒரு கூட்டு ஒப்பந்தம் இங்கே எழுதப்படவில்லை. மேல்வரம்பு விதியாக வந்தது. அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது வரவில்லை.

அதன் விலை 2025-ல் தெரிந்தது. பழைய 15 வருட ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது. புதியதைப் பற்றி முடிவாகவில்லை என்று ஜூலையில் லீக்கை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு அணி முதல்நிலை ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. சில நாளில் சென்னையின் எஃப்.சி.யும் அதே வழியில் போனது. ஒப்பந்தம் யாருக்கும் யாருக்கும்? சம்மேளனத்துக்கும் கம்பெனிக்கும். அதில் ஆட்டக்காரன் கையெழுத்து எங்கும் கிடையாது. இரண்டு பேர் சண்டையில் மூன்றாவது ஆளின் அடுப்பு அணைந்தது. கோடி வாங்குகிற நாலு பேருக்கு இது சமாளிக்கக் கூடிய விஷயமாக இருக்கலாம். மாசச் சம்பளத்தை நம்பி இருக்கிற இளம் ஆட்டக்காரனுக்கும், சட்டை துவைக்கிறவருக்கும், புல் வெட்டுகிறவருக்கும் அப்படி இல்லை.

கீழ்வரம்பு போட முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2023-ல் பெண்கள் லீக்கில் ஒவ்வொரு அணியும் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரிகளுக்கு வருடம் 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று சம்மேளனமே திட்டம் அறிவித்தது. சின்னத் தொகைதான். ஆனாலும் கீழே ஒரு தரை வேண்டும் என்று ஒத்துக்கொண்டது பெரிய விஷயம்.

6

மேசை, நாற்காலி என்று இவ்வளவு நேரம் பேசியதை நம் ஆற்றங்கரையில் வைத்துப் பார்க்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

மாஞ்சோலை மலையை 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. சுமார் 8,373 ஏக்கர். ஜமீன் ஒழிப்பில் 1952-ல் நிலம் அரசுக்கு வந்த பிறகும் குத்தகை தொடர்ந்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். ஏக்கருக்கு உச்சவரம்பு கிடையாது. கூலிக்கு மட்டும் உண்டு. காகிதத்தில் அதற்குக் குறைந்தபட்சக் கூலி என்று பெயர். 1948 சட்டம் அதைத் தரையாகத்தான் நினைத்தது. தரையையே கூரையாக்கி, அதற்கு மேல் ஏன் தர வேண்டும் என்று கேட்டார்கள். குறைந்தபட்சம் என்பது ஏழைக்கு அதிகபட்சமாவது இப்படித்தான்.

1998 முதல் கூலி உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காகத் தோட்டத் தொழிலாளர்கள் போராடினார்கள். கைதான 652 பேர் திருச்சிச் சிறையில் இருந்தார்கள். 1999 ஜூலை 23 அன்று, அவர்களை விடுதலை செய், கூலிப் பிரச்சினையைத் தீர் என்று மனுக் கொடுக்க டாக்டர் கிருஷ்ணசாமியும் கூட்டணிக் கட்சித் தலைவர்களும் முன்செல்ல ஊர்வலம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போனது. கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து விரட்டியது. ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் ஆறு. பதினேழு பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. அரசு நீதிபதி மோகன் கமிஷனைப் போட்டது.

அந்த ஊர்வலம் எதற்காகப் போனது? பேச. வேறெதற்கும் இல்லை. ஜிம்மி ஹில் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தவுடன் இங்கிலாந்தின் முதலாளிகள் உட்கார்ந்து பேசினார்கள். இங்கே ஒரு மனுவை வாங்கிக்கொள்ளக்கூட ஆளில்லை. மேசை இருக்கிற கட்டடத்தின் வாசலுக்கு முன்னாலேயே கதவைச் சாத்தினார்கள். பேச்சுவார்த்தை என்பது தொழில் உறவு பற்றிய சொல் மட்டுமில்லை, எதிரில் இருப்பவனை மனுசனாக எண்ணுகிறோமா இல்லையா என்பதைச் சொல்கிற சொல். சமமாக உட்காரத் தகுதியில்லாதவன் என்று ஒருத்தனைப் பிறப்பிலேயே முடிவுகட்டியிருக்கிற சமூகத்தில், கூலிப் பேச்சுவார்த்தை கேட்பதே கலகமாகிவிடுகிறது. 1968-ல் வெண்மணியில் 44 பேரை எரித்ததும் நெல்லுக்காக மட்டுமில்லை, சங்கம் வைத்துப் பேச வந்ததற்காக.

2024-ல் அந்தக் கம்பெனி குத்தகை முடியும் முன்னமே வேலையை நிறுத்தி, விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கித் தொழிலாளர்களை மலையிலிருந்து இறக்கப் பார்த்தது. நாலு தலைமுறை உழைத்தவர்களுக்குக் கையகல நிலம் சொந்தமில்லை. கிளப்பைக் கலைப்பது, லீக்கை நிறுத்துவது, தோட்டத்தை மூடுவது, எல்லாம் ஒன்றுதான். கடைசியில் உடைமைக்காரன் கையில் இருக்கிற உச்சவரம்பு பூஜ்யம்.

7

முதலில் வைத்த கேள்விக்கு இப்போது வருகிறேன். கோடி வாங்குகிற ஆட்டக்காரனையும் கொழுந்து பறிக்கிற அக்காவையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வாழ்க்கையில் வைக்க முடியாது. வைத்தால் அது அக்காவுக்குச் செய்கிற அவமானம். ஆனால் நியாயத்தைக் கேட்கும்போது வைக்கலாம், வைக்க வேண்டும். ஏனென்றால் ஒரு கட்டு நியாயமானதா என்பதைத் தொகை தீர்மானிப்பதில்லை. வாரம் 20 பவுண்டு அன்றைய இங்கிலாந்துத் தொழிலாளிக்கு மோசமான சம்பளம் இல்லை. ஆனாலும் அந்தக் கட்டு அநியாயம். போட்டவர்கள் ஒரு பக்கம், சுமந்தவர்கள் ஒரு பக்கம் என்பதால் அநியாயம்.

வருமானத்துக்கு உச்சவரம்பே கூடாது என்பது என் கட்சி இல்லை. அது பணக்காரன் பாடுகிற பாட்டு. நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும், சொத்துக்கு வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். கோடிக் கணக்கில் ஒரு ஆட்டக்காரன் வாங்குவது அதிகம் என்று பட்டால், வரி போட்டு எடுத்துப் பள்ளிக்கூட மைதானம் கட்டலாம். அப்போது அவனுக்குக் குறைகிற பணம் பொதுவுக்கு வரும். கூலிக்கு மட்டும் வரம்பு போட்டு லாபத்துக்கு வரம்பு போடாமல் விட்டால், குறைகிற பணம் முதலாளியின் பைக்குத்தான் போகும். போகிற இடத்தைப் பார்த்துத்தான் வரம்பின் நியாயத்தைச் சொல்ல முடியும்.

இன்னொன்று. பேசுகிற உரிமை, வேலையை நிறுத்துகிற உரிமையோடு சேர்ந்துதான் இருக்கிறது. நிறுத்த முடியாதவனோடு யாரும் பேச மாட்டார்கள், அவனுக்கு உத்தரவுதான் போடுவார்கள். 1938-ல் பம்பாய்ச் சட்டசபையில் தொழில் தகராறு மசோதா வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் அதை எதிர்த்து நின்றது இதனால்தான். வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்குவது உழைப்பவனை அடிமையாக்குவதற்குச் சமம் என்று வாதாடினார். அந்த நவம்பர் 7 அன்று பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவராகவும் இருந்தார். நம்மில் பலர் அவரை அரசியல் சட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கூலிக்காகத் தெருவில் இறங்கிய அம்பேத்கரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஆகவே யாராவது, மைதானமாகட்டும் தேயிலைக் காடாகட்டும், 'எல்லோர் நன்மைக்காகவும் ஒரு உச்சவரம்பு' என்று வந்தால் நாம் கோபப்பட வேண்டியதில்லை. மூன்றே கேள்வி கேட்டால் போதும். இதைப் போடுகிற இடத்தில் நாங்கள் இருந்தோமா? மேலே கூரை போடுகிற நீங்கள் கீழே தரை போட்டீர்களா? எங்களுக்குப் போட்ட வரம்பை உங்களுக்கும் போட்டுக்கொள்வீர்களா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் உட்கார்ந்து பேசுவோம். கூட்டிக் கேட்க வேண்டிய இடத்தில் கூட்டிக் கேட்போம், விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில் விட்டுக்கொடுப்போம். அதற்கு முன்னால் கணக்குப் புத்தகத்தை எடுத்து மேசை மேல் வையுங்கள். மரக்காலையும் கொண்டுவாருங்கள். அடியில் மரக்கட்டை வைத்திருக்கிறதா என்று நாங்களும் கை விட்டுப் பார்க்க வேண்டும்.